கொத்தனாரின் வலது கால்

தங்கமுத்துக் கொத்தனாருக்குச் சுவர் ஒரு விரல் சாய்ந்திருந்தாலும் கண்ணை உறுத்தும். திருமயத்தைச் சுற்றியுள்ள செட்டியார் வீடுகளில் அவர் பூசிய சுவரில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்து யாரும் குறை சொன்னது கிடையாது. அடுத்தவர் கட்டிய சுவர் என்றால் மட்டும் அவர் வாய் சும்மா இருக்காது. "எவன்யா கட்டுனது, குடிச்சுப்புட்டா கட்டுனான்?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் இரண்டு வருஷமாகத் தம்முடைய வலது காலைக் குனிந்து பார்ப்பதில்லை. முழங்காலுக்குக் கீழே அது வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது. ஏன் வளைந்தது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். அவருக்கும், அவர் மனைவி முனியாயிக்கும்.

கால் ஒடிந்தது ஊருக்கே தெரிந்த கதைதான். 1956ஆம் வருஷம், ஆனி மாதம். வேலை முடிந்து, கரண்டியும் தூக்குக்குண்டும் கிடந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையோரமாகத்தான் அவர் நடந்து வந்தார். திருமயத்தில் நிற்கும் சனத்தை யார் முதலில் அள்ளுவது என்று இரண்டு பஸ்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பின்னால் வந்தவன் முந்துவதற்காக வண்டியை மண்ணில் இறக்கினான். பாலத்துச் சுவரோடு ஒட்டி நின்ற தங்கமுத்துவுக்கு அதற்கு மேல் ஒதுங்க இடமில்லை. இடித்த பஸ் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் நின்றது. கண்டக்டர் இறங்கி ஓடி வந்து பார்த்துவிட்டு, "உசிரு இருக்குண்ணே, உசிரு இருக்கு!" என்று டிரைவருக்குக் குரல் கொடுத்தான். என்னவோ அவன் வீட்டிலிருந்து எடுத்துக் கொடுத்த உயிர் மாதிரி.

பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் பார்த்து, எலும்பு முறிந்திருக்கிறது என்று காகிதத்தில் எழுதி, மாவுக்கட்டுப் போட நாளும் குறித்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஆனால் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவருக்கு முழங்காலோடு காலை எடுத்திருந்தார்கள். அது புண் புரையோடிய கால், இது முறிந்த கால் என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் தங்கமுத்து இல்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் முனியாயியிடம் மாட்டுவண்டி பிடித்துவரச் சொல்லி, குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்த நாகராசு வீட்டில் போய் இறங்கிவிட்டார்.

நாகராசு எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். கட்டைவிரலால் காலை மேலும் கீழும் தடவிப் பார்த்தார். இழுத்துப் பொருத்தினார். முட்டை வெள்ளைக்கருவில் உளுத்தமாவைக் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றி, மூங்கில் பத்தைகளை வைத்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இறுக்கிக் கட்டினார். பிறகு இரண்டு வாக்கியம் சொன்னார்.

"நாப்பத்தெட்டு நாளைக்குக் கட்டு அவுரக் கூடாது. காலு தரையில படக் கூடாது."

தங்கமுத்து அதைக் காப்பாற்றத்தான் செய்தார், இருபத்தைந்து நாள் வரைக்கும். இருபத்தாறாம் நாள் காலையில் அவர் தங்கை பொன்னம்மாள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகள் பிரகதாம்பாள் பெரிய மனுஷியாகியிருந்தாள். தகப்பன் இல்லாத பிள்ளை. பச்சைத் தென்னங்கீற்று வெட்டிக் கொண்டுவந்து பெண்ணைத் தனியே உட்கார வைக்கக் குச்சு கட்ட வேண்டியவன் தாய்மாமன். இருப்பது ஒரே மாமன். அந்த மாமன் கால் நீட்டிப் படுத்திருந்தார்.

"இந்தாருங்க, பாதி நாளுதான் ஆயிருக்கு. நாகராசண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க?" என்று முனியாயி கெஞ்சினாள்.

"எம் மருமகளுக்கு வேற ஒருத்தன் குச்சு கட்டுனா, பொன்னம்மா மொகத்துல நான் எப்புடி முழிக்கிறது? ஒனக்கு வெளங்காது. அவுத்து விடு."

கட்டோடு உட்கார்ந்து கீற்று முடைய முடியாது. முழங்கால் மடங்க வேண்டும். முனியாயி அழுதுகொண்டே அவிழ்த்தாள். வண்டியில் போய் இறங்கி, தங்கையிடம், "நாகராசு போகச் சொல்லிட்டாரு, கூடிருச்சாம்" என்று ஒரு பொய். பிறகு கம்பு நட்டு, கீற்றுக் கட்டி, எழுந்து நின்று பார்த்து, சற்றுச் சாய்ந்திருந்த ஒரு கம்பைத் திரும்பப் பிடுங்கி நேராக நட்டார். கொத்தனார் அல்லவா! அந்தக் கம்பை ஊன்றி மிதித்தபோதுதான் காலுக்குள் ஏதோ நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த முகமாகவே நின்றார். வீடு திரும்பியபோது கால் வீங்கியிருந்தது. பழைய பத்தைகளை வைத்து முனியாயியே கட்டினாள், தனக்குத் தெரிந்தபடி.

நாற்பத்தெட்டாம் நாள் நாகராசு வந்து கட்டைப் பிரித்தார். வளைந்த காலைப் பார்த்தார். "ஏங் கையி எங்கயோ தப்பிருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, வைத்த வெற்றிலையைக்கூட எடுக்காமல் போய்விட்டார். தங்கமுத்து அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு இருபத்தாறாம் நாள் நடந்ததல்ல, நாற்பத்தெட்டாம் நாள் நடந்ததுதான் என்று நான் சொல்வேன்.

சாரம் ஏற முடியாத கொத்தனாருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கீழே உட்கார்ந்து சுண்ணாம்பு குழைத்தார். தமக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் மேலே நின்றுகொண்டு "சாந்து கொண்டாங்க" என்று கூப்பிட, அதைக் காதில் வாங்கிக்கொண்டார். அந்த ஆத்திரத்தில்தான் புதுக்கோட்டையில் ராமசுப்பிரமணியன் என்ற வக்கீலைப் பார்த்து, பஸ் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். ஐயாயிரம் ரூபாய் கேட்டு வழக்கு. அது கிடைத்தால் ஏதாவது ஒரு கடை வைத்து உட்கார்ந்து பிழைக்கலாம். கிடைக்காவிட்டால் கடைசி வரைக்கும் சுண்ணாம்புதான்.

"எதையாவது மறைச்சிருந்தா இப்பவே சொல்லிடணும் கொத்தனாரே" என்றார் வக்கீல்.

"ஒண்ணும் இல்லீங்கய்யா."

கூண்டில் ஏறியும் அதையே சொன்னார். கடவுள் பேரால் சத்தியம் செய்துவிட்டு, நாற்பத்தெட்டு நாளும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை என்றார். எழுதிக்கொண்டார்கள். கைநாட்டு வைத்தார்.

அடுத்த வாய்தா 1958ஆம் வருஷம் மாசி மாதத்தில் வந்தது. அன்றைக்கு நாகராசு சாட்சி. அவருக்கு வக்கீல் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பஸ் இடித்ததில் எலும்பு நொறுங்கிப் போயிருந்தது, அதனால்தான் எந்தக் கட்டுக்கும் நேராகவில்லை என்று சொல்ல வேண்டும். நாகராசு தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். தங்கமுத்துவைப் பார்த்ததும், "காலு வலிக்குதா?" என்று கேட்டார். தங்கமுத்து வேட்டியை இழுத்துக் காலை மூடினார்.

கோர்ட்டு டவாலி மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். நாகராசு கூண்டில் ஏறினார்.

"வாதியை உங்ககிட்ட கொண்டு வந்தப்ப எலும்பு எப்படி இருந்தது? நொறுங்கியிருந்ததா?" என்று ராமசுப்பிரமணியன் ஆரம்பித்தார்.

"இல்லீங்க. ரெண்டா ஒடிஞ்சிருந்துச்சு. சுத்தமான முறிவு."

வக்கீல் ஒரு கணம் தடுமாறினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு? ஏங் கையால தொட்டுப் பார்த்தேன்."

அதற்கு மேல் கேட்டால் ஆபத்து என்று ராமசுப்பிரமணியன் உட்கார்ந்துவிட்டார். பஸ் முதலாளியின் வக்கீல் எழுந்தார். அவர் முகத்தில் பந்தி போட்டதும் சாப்பிட உட்காருகிறவரின் நிதானம் இருந்தது.

"அந்த மாதிரி முறிவை இதுக்கு முன்னால கட்டியிருக்கீரா?"

"நூத்துக்கணக்குல கட்டியிருக்கேன்."

"அதெல்லாம் நேராகக் கூடினதா?"

"கூடுச்சுங்க."

"இந்தக் கால் மட்டும் ஏன் கூடலை?"

நாகராசு கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த தம் கைகளைப் பார்த்தார். முனியாயி பின்வரிசையில் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னோட தப்புத்தாங்க" என்றார் நாகராசு. "நான் கட்டுனதுல எங்கயோ பெசகிருச்சு. பஸ்ஸு இடிச்சதுக்கு பஸ்ஸுக்காரக பதில் சொல்லணும். காலு வளைஞ்சதுக்கு நாந்தான் சொல்லணும்."

"இப்பவும் வைத்தியம் பார்க்கிறீரா?"

"இல்லீங்க. ரெண்டு வருசமா யாரையும் தொடுறதில்லை. கை தப்புனவன் ஒதுங்கிக்கிறணும். அதுதான் எங்க வழக்கம்."

தங்கமுத்துவுக்கு இது புதுச் செய்தி. நாகராசு இப்போதெல்லாம் யாரையும் பார்ப்பதில்லை என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருக்கிறது. வயதாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. இப்போது அந்த மனிதர் இத்தனை பேர் நடுவில், செய்யாத தப்பைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறார். பேசாமல் இருந்தால், வக்கீல் எதையாவது சொல்லி மிச்ச வழக்கைக் காப்பாற்றக்கூடும். பேசினால் பணமும் போகும், பொய்ச் சத்தியம் செய்தவன் என்ற பேரும் வரும், ஜெயிலுக்கும் போக வேண்டி வரலாம். இதையெல்லாம் அவர் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாகராசு படியில் கால் வைத்து இறங்கும் வரைக்கும் யோசித்தார்.

பிறகு எழுந்துவிட்டார்.

"சாமி! அவரு மேல குத்தம் இல்லை சாமி. அவரு கட்டுனது சரியான கட்டு. நான்தான் அவுத்தேன்."

"உட்காரும்!" என்று டவாலி அதட்டினான். ராமசுப்பிரமணியன் திரும்பிப் பார்த்த பார்வை, வாயை மூடும் என்று கெஞ்சியது. ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் சத்தியம் பண்ணிக் கொடுத்த சாட்சியத்துக்கு இது நேர் விரோதம். பொய்ச் சாட்சிக்குத் தண்டனை உண்டு, தெரியுமா?"

"தெரியும் சாமி."

மறுபடியும் கூண்டில் ஏற்றினார்கள். குச்சு கட்டியதைச் சொன்னார், கம்பை மிதித்ததைச் சொன்னார். முனியாயி அழுதுகொண்டே கட்டியதையும் சொன்னார். எதிர்க்கட்சி வக்கீல், "தென்னங்கீற்றுக்காகவா காலைக் கெடுத்துக்கொண்டீர்?" என்று சிரித்தார். கோர்ட்டில் இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். தாய்மாமனாக இருந்தவர்கள் சிரிக்கவில்லை.

தானாக வந்து சொன்னதற்காக ஜட்ஜ் கடுமையாகத் திட்டியதோடு விட்டுவிட்டார். பஸ்காரன் ஒடித்ததற்கு அறுநூறு ரூபாய், கால் வளைந்ததற்கு ஒன்றும் இல்லை என்று பிற்பாடு தீர்ப்பானது.

அன்றைக்கு வெளியே வந்தபோது நாகராசு புளியமரத்தடியில் காத்திருந்தார். "உக்காரு" என்றார். தங்கமுத்து உட்கார்ந்தார். நாகராசு குந்தி உட்கார்ந்து, வலது காலை எடுத்துத் தம் தொடைமேல் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்கனதான் நழுவியிருக்கு. பாதி கூடுன பொறவு நழுவுனது. அன்னிக்கே இது தெரிஞ்சிருக்கணும் எனக்கு. ஏங் கை மேலயே சந்தேகப்பட்டு, நல்லாப் பார்க்காம விட்டுட்டேன்."

"என்னைய மன்னிச்சிருங்கண்ணே."

நாகராசு காலைக் கீழே இறக்கி வைத்தார். குரல் உயரவில்லை.

"போன வருசம் கொடும்பாளூருலேருந்து ஒரு பொண்ணைக் கூட்டியாந்தாக. சந்தனமேரின்னு பேரு. கெணத்தடியில வழுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சிருந்துச்சு. நான் தொடமாட்டேன்னுட்டேன். கால்ல விழுந்து கேட்டாக. கை தப்புனவன் தொடக் கூடாது, போங்கன்னு அனுப்பிட்டேன். அவுக ஆஸ்பத்திரிக்கும் போகலை. தானாக் கூடிரும்னு துணியச் சுத்திக்கிட்டு இருந்துட்டாக. இப்ப அந்தக் கையால கொடம் தூக்க முடியலையாம். அதுக்கு எந்தக் கோர்ட்டுல வழக்குப் போடுறது, சொல்லு."

முனியாயி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் என்னண்ணே செய்யணும்?" என்று தங்கமுத்து கேட்டார்.

"கோர்ட்டுல சொன்னியே, அதை அங்கயும் வந்து சொல்லு. நான் எரக்கமில்லாம வெரட்டிட்டேன்னு அந்தப் புள்ள நெனைச்சுக்கிட்டு இருக்கா."

மறுவாரம் இருவரும் கொடும்பாளூருக்குப் போனார்கள். அந்த விபத்துக்குப் பிறகு தங்கமுத்து பஸ்ஸில் ஏறியது அன்றைக்குத்தான். வழி நெடுக முன்கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் சின்ன வயதுப் பெண் ஒருத்தி இடது கையால் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். வலது கை மணிக்கட்டோடு உள்பக்கம் மடங்கியிருந்தது. சுவர் ஒரு விரல் சாய்ந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். அந்தக் கையைப் பார்க்க முடியாமல் குனிந்தார். குனிந்த இடத்தில் தம்முடைய கால் இருந்தது.

நாகராசுவை அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் மாறினாலும் வந்தவர்களை நிற்கவைக்கக் கூடாது என்று உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, நாகராசுவை விட்டுவிட்டுத் தங்கமுத்துவிடம் முதலில் நீட்டினாள்.

"தண்ணி குடிங்க. நீங்க யாருங்க?"

"ஆத்தா, ஒன் கை இப்புடி ஆனது என்னாலதான்" என்று தங்கமுத்து ஆரம்பித்தார். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் சொம்பைத் தொடவில்லை. சொல்லி முடித்துக் கை நீட்டியபோது, அவள் கொடுக்காமல் சொம்போடு உள்ளே போய்விட்டாள்.