மரத்த காலைப் பிடித்த கை

இது நடந்தது. ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில். சுடுகாட்டுப் பக்கமோ பாழடைந்த பங்களாவிலோ இல்லை. புதுச்சேரி ஊருக்குள், ஏ.சி. போட்ட ஒரு ஸ்கேன் சென்டரில், 2006-ஆம் வருஷத்துச் சித்திரை மாதத்தில். அனுபவித்த சுலோசனா இன்றும் முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறாள். எதையும் கூட்டிச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. நானும் கூட்டவில்லை.

ஒரு செருப்பில்தான் தொடங்கியது. காய்கறி வாங்கிக்கொண்டு வந்தவளை வாசலில் பார்த்த அவள் புருஷன் கலியபெருமாள், "ஒரு செருப்பு எங்க?" என்று கேட்டான். சுலோசனா குனிந்து பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. அந்த வெயிலில், தார் ரோட்டில், அவ்வளவு தூரமும் அப்படியே நடந்து வந்திருக்கிறாள். உள்ளங்கால் கொப்பளித்துப் போயிருந்தது. வலிக்கவே இல்லை.

கொஞ்ச நாளில் இடது கால் முழங்கால்வரை மரத்துப் போனது. வலது காலும் தள்ளாட ஆரம்பித்தது. மனசும் கூடவே மரத்துவிட்டது போலிருந்தது அவளுக்கு. அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. கலியபெருமாள்தான் டெம்போ எடுக்கப் போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தான்.

"முதுகுத்தண்டுல எதுவோ அழுத்துதும்மா. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு வாங்க. லேட் பண்ணா அப்பறம் எழுந்து நடக்கவே முடியாது" என்றார் ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர் நிர்மலாதேவி.

சுலோசனா, "சரிங்க" என்றாள். வேறு யாருக்கோ சொன்னதைக் கேட்டுக்கொண்டவள் மாதிரி.

ஸ்கேன் சென்டரில் மெஷினைப் பார்த்துக்கொண்ட பையன் பெயர் இனியவன். "தாலி, தோடு, மெட்டி எல்லாத்தையும் கழட்டிடுங்கக்கா. உள்ள இருக்கறது பெரிய காந்தம்" என்றான். கலியபெருமாள் தாலியைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் கயிற்றை அவள் கழுத்தில் கட்டினான். இடது கால் மெட்டி இறுகிப் போயிருந்தது. சோப்புத் தண்ணீர் விட்டு முறுக்கி இழுத்தான். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நானும் உள்ள வந்து ஒன் கால்மாட்டுலயே ஒக்காந்துக்கறேன். கால புடிச்சிக்கறேன். பயப்படாத."

அவள் பயப்படவில்லை. பயந்தது அவன்தான்.

மெஷின் ஒரு வெள்ளைக் குகை மாதிரி இருந்தது. அதன் வாயில் நீளமான பலகை. அவளை மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். காதில் பஞ்சு அடைத்து, அதற்கு மேல் பெரிய ஹெட்போனை மாட்டினான் இனியவன். கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்தான். "ஏதாவதுன்னா இத அமுக்குங்க. நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் இருப்பேன். ஆடக் கூடாது."

பலகை அவளைத் தலைப்பக்கமாக உள்ளே இழுத்துக்கொண்டது.

மூக்குக்கு மேலேயே கூரை. இரண்டு முழங்கைகளும் சுவரில் இடித்தன. கையைத் தூக்கி முகத்தைத் துடைக்கக்கூட இடமில்லை. பாதங்கள் மட்டும் வாய்ப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் கலியபெருமாள் ஏதோ பேசுவது கேட்டது. பிறகு தொம்மென்று கதவு மூடும் சத்தம்.

டக்... டக்... டக்...

அப்புறம் இரும்புத் தகட்டில் ஆணி அடிப்பது மாதிரி, டடடடடடட... காதுக்குள், பல்லுக்குள், எலும்புக்குள்.

அப்போதுதான் யாரோ அவள் காலைப் பிடித்தார்கள்.

புருஷன்தான் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று நினைத்தாள். அத்தனை நாளும் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளே லேசாக இளகியது. கண்ணோரம் ஈரமானது. துடைக்க முடியவில்லை. அது காதுப் பக்கமாக வழிந்தது.

கை சில்லென்று இருந்தது. ஏ.சி. குளிர், பாவம், என்று நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. பாதத்தின் மேல் நான்கு. கட்டைவிரல் உள்ளங்காலில்.

சத்தம் நின்றது.

டக்... டக்...

விரல் எப்படித் தெரிகிறது என்று அப்போதுதான் தோன்றியது.

எந்தக் கால்?

இடது கால்.

தார் ரோடு தெரியாத கால். மெட்டி உரித்த தோல் தெரியாத கால்.

பந்தை அமுக்கினாள்.

"என்னக்கா?" ஹெட்போனில் இனியவன்.

"அவரக் கால விடச் சொல்லுப்பா."

 

"யாரக்கா?"

"கால்மாட்டுல இருக்காரே..."

"அங்க யாரும் இல்லக்கா. நீங்க மட்டுந்தான் உள்ள இருக்கீங்க. ஆடாம இருங்க. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

கை இறுகியது.

டடடடடடடட...

அவள் கத்தவில்லை. கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.

அது விடவில்லை.

கடைசியில் பலகை வெளியே நகர்ந்தது. கையும் கூடவே வந்தது.

கூரை விலகி, டியூப் லைட் வெளிச்சம் மூடிய இமையில் பட்டதும்... ஒரு விரல் பிடியை விட்டது.

இன்னொன்று.

இன்னொன்று...

தலையைத் தூக்கிப் பார்த்தாள். யாரும் இல்லை.

கலியபெருமாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மில்லில் வேலை செய்த காலத்தில் தொடை எலும்பு உடைந்து அவனுக்கு உள்ளே இரும்பு பிளேட் வைத்திருந்தார்கள். அதைச் சொன்னதும், காந்தம் இருக்கும் அறைக்குள் வரவே கூடாது என்று இனியவன் அவனைக் கதவோடு திருப்பி அனுப்பிவிட்டான்.

ஆட்டோவில் வரும்போது அவனிடம் நடந்ததைச் சொன்னாள். அவன், "மரத்துப் போன காலு. இப்பிடித்தான் எதுனா தோணும்" என்றான். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

முதுகுத்தண்டை ஒரு கட்டி அழுத்துவது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலை, ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் நிர்மலாதேவி ஒரு குண்டூசியோடு வந்தார். "கண்ண மூடிக்கோங்க. குத்தறது தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க."

சுலோசனா கண்ணை மூடினாள். வெகு நேரம் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் இடது பாதத்தில் சில இடங்களில், "தெரியுது... இங்க தெரியுது" என்றாள். ஒவ்வொரு தரமும் அந்த இடத்தில் பேனா முனை பட்டது.  ஈரப் பஞ்சால் அவசரமாகத் துடைப்பது தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் போய்விட்டிருந்தார். காலில் ஸ்பிரிட் வாசனை. கலியபெருமாள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. சாதாரணக் கட்டிதான் என்றார்கள். மாசக்கணக்கில் கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. பிடித்துக்கொண்டு நின்றாள், நடந்தாள், வீட்டு வேலையும் செய்ய ஆரம்பித்தாள். வருஷம் திரும்பியதும் கட்டி மறுபடி வந்திருக்கிறதா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள்.

போவதற்கு முதல் நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்.

"எனக்குப் பயமில்லங்க. போன தடவ எதுவோ கால்மாட்டுல வந்து ஒக்காந்து துணையாத்தான் இருந்திச்சி. வந்தா வரட்டும்."

கலியபெருமாள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"ஆபரேஷனுக்கு முன்னால டாக்டரம்மா ஊசி குத்தனாங்கல்ல? நீ கண்ண மூடிக்கினு இருந்த. தெரியுதுன்னு சொன்ன எடத்துலல்லாம் பேனாவால புள்ளி வச்சாங்க."

"ஆமா."

"அத்தினி புள்ளியும் சேந்து ஒரு கையி மாதிரி இருந்திச்சி. நாலு வெரலு மேல. கட்ட வெரலு அடியில."

"நானும் அதானங்க சொன்னேன்."

"கால்மாட்டுலேர்ந்து புடிச்சா வெரலு ஒன் மொகத்தப் பாக்க இருக்கணும்." அவன் எச்சில் கையை அந்தரத்தில் திருப்பிக் காட்டினான். "அது அப்பிடி இல்ல. மணிக்கட்டு கணுக்கால் பக்கம். வெரலெல்லாம் ஒன் கால்வெரலப் பாக்க இருந்திச்சி."

சுலோசனா குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

"அப்ப... மெஷினுக்கு உள்ளேர்ந்தா?"

அவன் தலையாட்டினான்.

"நீ ஆபரேஷன் முடிஞ்சி மயக்கத்துல இருந்தப்ப, ஒன் பக்கத்துலயே படுத்து, ஒன் பாதத்தப் புடிக்க கைய அதே மாதிரி நீட்டிப் பாத்தேன்."

"ம்?"

"எனக்கு முட்டி வரைக்கும்கூட எட்டல சுலோ."