பயணி இருக்கையில் பெட்டரி

இல்லை, வேகத்துக்கு நான் பயந்ததில்லை. பயந்தது அந்த வாசனைக்கு.

பெட்டரி அமிலம்...

கொஸ்லந்தவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு மின்சாரம் வராத காலம். டீவிக்குப் பக்கத்தில் ஒரு கார் பெட்டரி இருக்கும். படம் முடிந்ததும் அம்மா கிளிப்பைக் கழற்றி வைப்பார். கழற்றாமல் தூங்கியதே இல்லை. என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் அமிலம் தின்ற ஓட்டைகள்.

அதனால்தான், எங்கள் பந்தயக் காரின் பெட்டரியை முன்பக்கத்திலிருந்து உள்ளே மாற்றலாம் என்று பதுளை கராஜில் அண்ணன் சொன்னபோது முதலில் வேண்டாம் என்றேன்.

"கார் மூக்கு கனமா இருக்கு புள்ள. அதான் வளைவுல திரும்ப மாட்டேங்குது."

உண்மைதான். ஓட்டுவது நான். முந்தைய பந்தயத்தில் கடைசி வளைவில் நேராகப் புல்லுக்குள் போனேன். இந்த முறையும் போனால் காரை விற்றுவிடுவது என்று பேச்சு.

பயணி இருக்கையைக் கழற்றினோம். அந்த இடத்தில் இரும்புச் சட்டம். மூடி போட்ட பெட்டி. ஆவி வெளியே போக ஒரு ரப்பர் குழாய்... அது என் பிடிவாதம்.

பந்தயத்தன்று பரிசோதகர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. சரி என்று அடுத்த காருக்குப் போனார்.

பிறகு தூறல். பார்க்க வந்த அம்மா என் இருக்கையில் ஏறி ஒதுங்கிக்கொண்டார்.

என் முறை வந்தது. அம்மாவை இறக்கிவிட்டு ஏறினேன். பெல்ட் மாட்டினேன். சாவியைத் திருப்பினேன்.

ஒன்றுமில்லை. ஒரு விளக்குகூட எரியவில்லை.

அண்ணன் பதறிப்போய் பொனட்டைத் திறந்தான். பழைய பழக்கத்தில், பெட்டரியைத் தேடி.

"சும்மாதானே நின்னுச்சு," என்றார் அம்மா வெளியிலிருந்து. "சார்ஜ் எறங்கிருமேன்னு கிளிப்ப கழட்டி வச்சேன்."

"யம்மா, இது டீவி இல்ல."

"எதுவா இருந்தா என்னா, பெட்டரி பெட்டரிதானே. இரு, நானே மாட்டுறேன்."

இடப்பக்கக் கதவைத் திறந்தார். பெட்டியின் மூடியைத் தூக்கி, கிளிப்பை அழுத்தி, நட்டை விரலாலேயே முறுக்கினார். அண்ணன் ஸ்பேனரோடு ஓடிவந்து இன்னொரு சுற்று இறுக்கி மூடினான்.

எஞ்சின் பிடித்தது.

"போயிட்டு வா. இந்த தடவையும் புல்லு மேயப் போயிறாத."

கடைசி வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன்.

மூக்கு திரும்பியது. கேட்டவுடன், கேட்ட அளவுக்கு. புல் பாதைக்கு வெளியே, தூரத்தில், தன்பாட்டில் கிடந்தது. ஹெல்மெட்டுக்குள் நான் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

எங்கள் பிரிவில் முதலிடம்.

இப்போது அந்த லயத்தில் டீவி சுவரில் தொங்குகிறது. பெட்டரியில் படம் பார்த்த கதையைச் சொன்னால் அங்குள்ள பிள்ளைகள் நம்புவதில்லை. அந்த வாசனை எந்த வீட்டிலும் இல்லை... எங்கள் காரில் மட்டும், கொஞ்சம், இருப்பதுபோல எனக்குத் தோன்றும்.

அன்று கோப்பையை வாங்கிவந்து அம்மாவின் கையில் கொடுத்தேன். பிறகு காருக்குப் போய், பெட்டியைத் திறந்து, கிளிப்பைக் கழற்றி வைத்தேன்.