எழுத்துக்கு அடியில் கிடந்த கோடு

வானாய்வு நிலையத்தின் பழைய கண்ணாடித் தகடுகளைத் துடைப்பது அக்காவின் வேலை. அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். ஒவ்வொரு தகட்டிலும் ஓர் இரவின் வானம் நெகட்டிவாக, நட்சத்திரங்கள் கரும்புள்ளிகளாக. பின்பக்கம் அந்தக் கால ஆட்கள் மையால் குறிப்பு எழுதியிருப்பார்கள். குறிப்பைப் படமெடுத்துக்கொண்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஸ்கேன் செய்ய வேண்டும். மூன்று ஆண்டில் நாலாயிரம் தகடு.

"எத்தனை மேதைங்க தலையெழுத்தை அழிச்சிருக்கேன் தெரியுமா?" என்பார்.

செவ்வாய்க்கிழமை காலை கை நின்றுவிட்டது. தகட்டில் இடப்பக்கம் சாய்ந்த எழுத்து: "இது கீறல் இல்லை."

கூடப் பிறந்த தம்பியின் எழுத்து.

இருபத்து மூன்று வயதில் அவன் இங்கே படமெடுத்த தகடுகளைக் கழுவினான். ஒரு நட்சத்திரத்தின் அருகே மெல்லிய கோட்டைக் கண்டான். உருவாகிக்கொண்டிருக்கும் நட்சத்திரம் பீய்ச்சியடிக்கும் வாயு அது என்று வாதாடினான். "உன் நகம் பட்டிருக்கும்டா" என்றார்கள். அன்றிலிருந்து அவன் பெயரே கீறல். வேலையை விட்டு லாரி ஓட்டப் போனான். எதையும் போனிலேயே பேசி முடிப்பவன். ஒரு கடிதம் எழுதியதில்லை. நெஞ்சுவலியில் போய்ப் பதினோரு வருடம். வீட்டில் அவன் கையெழுத்தென்று ஒரு துண்டுத்தாள் கிடையாது.

ஸ்கேனர்காரர் எட்டிப் பார்த்தார். "அக்கா, போன மாசம் எடுத்த படத்துலயும் அந்தக் கோடு இருக்கு. நுனி நகர்ந்த மாதிரி தெரியுது. கீறல் நகருமா? எவ்வளவு நகர்ந்துச்சுன்னு அளந்தாப் போதும், உங்க தம்பி சொன்னது உறுதியாயிடும். ஆனா பழைய நுனி இந்த எழுத்துக்கு அடியில இருக்கு."

"சாட்சி மேலயே எழுதி வெச்சிருக்கான் பாரு, மடையன்."

"எழுத்தைப் படம் எடுத்தாச்சு, பிரிண்ட் போட்டுத் தர்றேன். நீங்க டீ குடிச்சிட்டு வாங்க, நான் துடைக்கறேன்."

"பிரிண்ட்டுல அவன் கை பட்டிருக்காதேப்பா." பஞ்சை நனைத்தார். "நானே பண்றேன்."

கடைசிச் சொல்தான் முதலில் கரைந்தது. கண்ணாடியில் "இது கீறல்" என்று மிஞ்சியது. அதைப் பொறுக்காமல் மீதியையும் ஒரே இழுப்பில் துடைத்தார்.

ஸ்கேனர்காரர் லென்ஸை வைத்தார். "அக்கா! நுனி இருக்கு! நகர்ந்துதான் இருக்கு! அவரு சொன்னது சரி!"

அக்கா கையிலிருந்த கறுத்த பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் அவனைக் கீறல்னுதான்பா கூப்பிட்டேன்," என்றார். "கடைசி போன்லகூட."