கோணல் நடவு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எங்கள் ஊரில் கிறிஸ்தவக் குடும்பம் நாங்கள் ஒன்றுதான். தாத்தாவை ஊர் இடுகாட்டின் ஓரத்தில் புதைத்தபோது, தலைமாட்டில் அப்பா ஒரு மரச்சிலுவை நட்டார். ஊர்க்காரர்கள் அதை எடுக்கச் சொன்னார்கள். அப்பா மறுத்தார். மறுநாளே ஊர்க் கட்டுப்பாடு வந்துவிட்டது. கடையில் எங்களுக்கு உப்புகூடக் கிடையாது. எங்களோடு யாரும் பேசக்கூடாது. எங்கள் குத்தகை வயலில் யாரும் இறங்கக்கூடாது.

மற்றதையெல்லாம் சமாளித்தோம். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்ததுதான் பயமாக இருந்தது. இன்னும் ஒரு வாரம் போனால் அது மாட்டுக்குத்தான் ஆகும்.

"சிலுவைய எடுத்துடவா?" என்று அப்பா கேட்டார்.

"மொதல்ல கோயில்ல போய்ச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

ஞாயிறு, காரைக்கால் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் எல்லாரையும் உட்காரச் சொன்னார். "நம்ம பங்குல ஒரு குடும்பத்துக்கு நடவு ஆள் இல்ல. செபத்த நான் பாத்துக்கிறேன். நீங்க நாளைக்குக் காலைல பஸ் ஏறுங்க."

திங்கட்கிழமை அம்பகரத்தூர் பஸ்ஸிலிருந்து பதினொரு பெண்கள் இறங்கினார்கள். தையல்காரர், மீன் விற்பவர், டீச்சர், பிரெஞ்சுப் பென்ஷன்காரர் மனைவி என்று. ஒருவருக்கும் சேறு பழக்கமில்லை. நாங்கள் மூவரும் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தோம். நடுகிறவர்கள் பின்னால் நகர வேண்டும். இவர்களோ முன்னால் போய், நட்டதையெல்லாம் தாங்களே மிதித்தார்கள்.

வரப்பில் ஊர்ப் பெண்கள் கூடிச் சிரித்தார்கள். கட்டுப்பாடு வந்ததிலிருந்து எங்களோடு பேசாத பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"பின்னாடி போங்கம்மா, பின்னாடி."

பென்ஷன்காரர் மனைவி நிமிராமலே, "அங்கேருந்து சொன்னா வெளங்கல. எறங்கிக் காட்டுங்க" என்றார்.

"கட்டுப்பாடு இருக்குங்க."

"பயிருக்குமா?"

அக்கா சுற்றிலும் பார்த்தாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

சாயங்காலத்துக்குள் நடவு முடிந்தது. சிலுவையை எடுக்கும் பேச்சை அப்பா அதன்பிறகு எடுக்கவில்லை. கட்டுப்பாடு விலகியதாக யாரும் அறிவிக்கவில்லை; பொங்கலுக்குள் அதை யாரும் மதிக்கவுமில்லை.

பயிர் வளர்ந்து மூடும்வரை எங்கள் வயலின் கோணல் நடவு ரோட்டிலிருந்தே தெரியும். ஒரு நாள் பஸ்ஸில் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்து, "எந்தப் புண்ணியவதி நட்டதோ இது" என்றார். பஸ் சிரித்தது. டிக்கெட் கேட்கவே கூசுகிற நான், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"எங்க கோயில்காரங்க நட்டதுங்க."