டிராயிங்கின் மூலைக் கட்டம்

மறைமலைநகர் கம்பெனியின் டூல் ரூமில் சேர்ந்த முதல் நாளே ஃபோர்மேன், தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் அச்சான டை ஒன்றின் டிராயிங்கை விரித்து, மூலையில் இருந்த கட்டத்தைக் காட்டினார். 'இது வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்தின் சொத்து' என்று அதில் அச்சிட்டிருந்தது. "டையும் அவங்களுது, டிராயிங்கும் அவங்களுது. நம்மளுது கை மட்டுந்தாம்பா" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

1. கீறல்

பல வருஷம் கழித்து என் கைக்கு வந்தது, கார் சீட்டைத் தாங்கும் பிராக்கெட் அடிக்கிற டை. மூன்று பீஸுக்கு ஒன்று வளைவில் கீறல் விடும். பித்தளைத் தகடு சொருகி எப்படியோ ஓட்டுவேன். அந்த வித்தை எனக்கு மட்டும்தான் கைவரும். ரிஜெக்‌ஷன் குறையாவிட்டால் லைனை மூடிவிடுவோம் என்று தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. லைனில் எல்லோரும் கான்ட்ராக்ட். இன்ஸ்பெக்‌ஷன் செல்வி என்னிடம் வந்தாள்.

"லைன் பூட்ச்சின்னா நானு எங்க போறது அண்ணாத்த? ரெண்டு புள்ளைங்க படிச்சிகினு கீது."

டையின் மூலை கத்திபோல் கூர்மையாக இருந்ததுதான் கோளாறு. மாற்ற அனுமதி கேட்டு இரண்டு முறை எழுதினோம். பதிலே இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரைண்டரை எடுத்து அந்தக் கூர்மூலையை அரை மில்லி ரேடியஸுக்கு உருட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஒரு பீஸ்கூடக் கீறவில்லை.

2. ஆடிட்

வெளிநாட்டு ஆடிட்டர் அளந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். "யாரைக் கேட்டுய்யா டைல கை வெச்ச?" என்று மானேஜர் கத்தினார். மெமோ கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் புது டிராயிங் வந்தது. அதே மூலை, அதே அரை மில்லி. ஒப்புதல் கையெழுத்து மட்டும் அங்கே யாரோ ஒருவருடையது. லைன் பிழைத்ததே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மெயில் தலையில் கல்லைப் போட்டது. டை இனி யார் கையிலும் ஓடுமாம். அதனால் கூலி இன்னும் மலிவான வேறொரு நாட்டுக்கு அனுப்பச் சொன்னார்கள்.

நானே துரு பிடிக்காமல் ஆயில் தடவி, பெட்டியில் இறக்கி ஆணி அடித்தேன். செல்வி பக்கத்தில் நின்றிருந்தாள்.

"சரி பண்லன்னாலும் மூடுவான், சரி பண்ணாலும் தூக்கினு போவான்னா, நாம இன்னாதான் அண்ணாத்த பண்றது?"

கடைசி ஆணியையும் அடித்துவிட்டுச் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

3. ஷெட்

அந்த லைன் போனபின், இப்போது கருங்குழியில் சொந்தமாகச் சின்ன ஷெட் போட்டு, ரைஸ் மில் மெஷினுக்குப் பார்ட்ஸ் செய்கிறேன். செல்விதான் இன்ஸ்பெக்‌ஷன். ஸ்டீல் விலையை இன்றைக்கும் எங்கோ இருக்கிற எவனோதான் முடிவு செய்கிறான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வரும் தம்பிகளே, தங்கைகளே, டை செய்யக் கற்கும்போதே டிராயிங் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் டிராயிங்கின் மூலைக் கட்டத்தில் ஷெட்டின் பெயரை நானே எழுதினேன். முப்பது வருஷ சர்வீஸில் அந்த இடத்தில் நான் ஒரு எழுத்துகூட எழுதியதில்லை.