முன்கூட்டியே ஒரு ஸ்தோத்திரம்

இன்னொருவர் பெயரில் கடவுளிடம் பொய் சொல்லியிருக்கிறீர்களா? நான் சொல்லியிருக்கிறேன். அதுவும் மைக்கில், சபையே கேட்க.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டு மாடியில்தான் சித்தி குடியிருந்தார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. யார் கேட்டாலும், "கர்த்தர் டைம் வரட்டும்கா" என்பார், ஏதோ பஸ் லேட் என்பதுபோல. எனக்குத்தான் பொறுக்கவில்லை. கிளாஸில் ஒருத்தி தினமும் தன் தம்பிப் பாப்பா கதையைச் சொல்லி உயிரை வாங்கினாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரு கோழிக்குஞ்சு.

ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் பாஸ்டர், கேட்டது கைக்கு வருவதற்கு முன்பே ஸ்தோத்திரம் சொல்லி நன்றி செலுத்துபவன்தான் விசுவாசி என்றார். ஆஹா, இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன். எங்கள் சர்ச்சில் யாருக்காவது நல்லது நடந்தால், காணிக்கைக் கவரின் மேல் காரணத்தை எழுதிப் போடுவார்கள். பாஸ்டர் அதைப் பெயரோடு வாசிப்பார். அடுத்த வாரம் ஒரு கவரில் பத்து ரூபாய் வைத்தேன். சித்தியின் பெயரை எழுதி, கீழே 'குழந்தை பாக்கியம் தந்ததற்காக ஸ்தோத்திரம்' என்று கிறுக்கி, காணிக்கைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

பாஸ்டர் வாசித்து முடித்ததும் பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல்.

"சிஸ்டர், முன்னால வாங்க. ஜெபிக்கலாம்."

சித்தப்பா லோடு ஏற்றிக்கொண்டு அரக்கோணம் போயிருந்தார். சித்தி தனியாக எழுந்து போனார். பாஸ்டரின் கையிலிருந்த கவரைச் சித்தி பார்த்தார். தினமும் எனக்கு ஹோம்வொர்க் சொல்லித் தருபவருக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? திரும்பி என்னைப் பார்த்தார். நான் பாட்டுப் புத்தகத்தில் மும்முரமாக ஏதோ ஒரு எண்ணைத் தேடினேன். வயிற்றில் இல்லாத பிள்ளைக்காகப் பாஸ்டர் ஜெபித்தார். சித்தி தலைகுனிந்து நின்றார்.

வெளியே வந்ததும் கம்பெனிக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"இன்னாடி, எத்தினி மாசம்? எங்ககிட்டயே மறைச்சிட்டியே!"

"இன்னும் ஒண்ணும் இல்லக்கா. நான்தான் முன்னாடியே ஸ்தோத்திரம் போட்டுட்டேன்."

ஒரு அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டார்.

"ஆண்டவருக்கே அட்வான்ஸ் குட்த்துட்டியா? அவ்ளோ இன்னாடி அவசரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். 'நான்தான் எழுதினேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நான் அவர் புடவைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் எனக்குக் குச்சி ஐஸ் வாங்கித் தந்தார்.

"உனுக்கு அவ்ளோ அவசரமாடி?"

"உனுக்கு இல்லியா சித்தி?"

"இல்லாமயா?"

அவ்வளவுதான் சொன்னார். அடி விழவில்லை என்ற நிம்மதியில் நான் ஐஸைச் சப்பிக்கொண்டே வந்தேன். அவசரமே இல்லாதவர்கள்தான் காத்திருப்பார்கள் என்று அன்று எனக்கு நினைப்பு.

மறுநாளே கம்பெனியில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: அட்வான்ஸ். அந்தத் தெருவிலேயே அதிகம் பொறுத்தவருக்கு, அவசரக்காரி என்று பட்டம். அது போதாதென்று, பத்தாவது படிக்கும்போது தோழிகள் முன்னால் நானும் ஒருமுறை அவரை "அட்வான்ஸ் சித்தி" என்று கூப்பிட்டேன். "இன்னாடி?" என்று திரும்பினார். கவரைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை, அவரும், நானும்.

சித்திக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. மாடியில் இன்னும் அவரும் சித்தப்பாவும் மட்டும்தான். இன்று காலை நான் காலேஜுக்குக் கிளம்பும்போது, தெருமுனையில் நின்ற கம்பெனி பஸ்ஸுக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள்.

"அட்வான்ஸ், சீக்கிரம் ஏறு!"

சித்தி ஏறிக்கொண்டார்.