அம்பை முகர்ந்து பார்த்த பெண்

மொன்ட்ரியாலுக்கு வடக்கே, அரசாங்கக் காட்டுக்குள் நிற்கிறோம். நண்பன் யூட் எய்த அம்பு மானைத் துளைத்துக்கொண்டு போய்த் தரையில் கிடக்கிறது. மான் ஓடிவிட்டது. நான் படித்த கதைகளில் எல்லாம் எய்ததோடு வேட்டை முடிந்துவிடும். பின்னால் ஓடப் பார்க்கிறேன்.

அந்த வழியால் வில்லோடு வந்த ஒரு கியூபெக்காரி என்னை மறித்து, அம்பை எடுத்து முகர்கிறாள். யூட்டிடம் பிரெஞ்சில் ஏதோ சொல்கிறாள்.

“குடல் மணக்குதாம் மச்சான். வயித்திலதான் பட்டிருக்காம், உடன சாகாதாம். இப்ப கலைச்சா கனதூரம் ஓடிடுமாம். விட்டா கிட்டவே படுத்திடுமாம். ஆறு மணித்தியாலம் இருக்கட்டாம்.”

“மழை வரப்போகுது. ரத்தத் தடம் கழுவுப்பட்டா?”

“கேட்டனான். முழங்காலில தவண்டு தேடுங்கோ எண்டுறா.”

முதல் துளி விழுகிறது. அவள் போகவில்லை, தன் வில்லை மரத்தில் சாய்த்துவிட்டு எங்கள் பக்கத்தில் உட்காருகிறாள்.

“இவ வேட்டைக்குப் போகேல்லையா?”

யூட் கேட்டுச் சொல்கிறான்: “தவண்டு தேட நாலு முழங்கால் காணாதாம், ஆறு வேணுமாம்.”